ஏழாம் அம்பாரத்தின் பின்பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நேற்று வந்த உன் கடிதத்தை உன் அம்மா கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் உன்னைச் சோதனைப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்ற வரியை அவள் இரண்டு முறை படித்தாள். அடுத்த வரியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உங்கள் மேனேஜருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்ததாம். கழிவு ஏற்றிப் போகும் லாரியில் இரும்புச் சுருளுக்கு அடியில் பித்தளைச் சுருள் போகிறது என்று யாரோ பெயர் போடாமல் எழுதியிருந்தானாம். அவர் அதை உன்னிடம் கொடுத்து விசாரிக்கச் சொன்னாராம். நீ எழுதியிருந்தாய்: "இரண்டே நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் அப்பா. இளஞ்சிவப்புத் தாளில் எழுதியிருந்தான். அந்தத் தாள் லேத் பிரிவுக்கு மட்டும்தான் போகிறது. அங்கே தமிழில் கோவையாக எழுதத் தெரிந்தவன் ஒருவன்தான். மேனேஜர் வெளியூர் போயிருக்கிறார். திங்கட்கிழமை வந்ததும் பெயரைக் கொடுத்துவிடுவேன். உங்கள் மகனாயிற்றே."

உன் அம்மா கடிதத்தை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "சந்தோஷமா இருக்குமே உங்களுக்கு" என்றாள். அவள் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு மேலே சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில்தான் நீ வளர்ந்தாய். உப்பளக் கம்பெனியில் என் நேர்மைக்காகக் கொடுத்த பரிசு என்று உன் சிநேகிதர்களுக்குக் காட்டுவாய். மொட்டைக் கடிதம் எழுதிய மேஸ்திரியை நான் பிடித்த கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன்? சாப்பிடும்போது, ரயிலில் போகும்போது, உனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோதுகூட. நீயே கேட்பாய், "அப்பா, அந்த ஊதா உதட்டுக் கதை." ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னேன். அந்தக் கதையில் ஒரு பகுதியை நான் சொன்னதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வர வேண்டும்.

மீஞ்சூரைத் தாண்டிக் கழிமுகத்தின் ஓரத்தில் இருந்த அந்த உப்பளத்தை நீ பார்த்திருக்கிறாய். அப்போது உனக்கு நாலு வயது, ஞாபகம் இருக்காது. எனக்கோ கண்ணை மூடினால் அதுதான். விடியற்காலையில் பனி தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். அதற்கு மேலே அம்பாரங்கள் மட்டும் தெரியும். ஓடு வேய்ந்த பெரிய வீடுகளின் கூரைகளை யாரோ கழற்றிக் கொண்டுவந்து மேகத்தின்மேல் வைத்தாற்போல வரிசையாக ஒன்பது உப்பு அம்பாரங்கள். ஒவ்வொன்றும் இரண்டாள் உயரம். நடுப்பகலில் வெயில் ஏறிவிட்டால் பாத்திகளில் நிற்கும் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு அழிந்துவிடும். கூடை சுமக்கிற பெண்கள் ஆகாயத்தில் நடந்து போவார்கள். பழவேற்காட்டுப் பக்கமிருந்து பூநாரைகள் வந்து இறங்கினால் அந்த வெள்ளைக்குள் இளஞ்சிவப்பாக ஏதோ அசைவது மட்டும் தெரியும். அந்த இடத்தில் ஒரு பொருளுக்கு எடை உண்டு என்பதே மறந்துபோகும். திருட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று இப்போது தோன்றுகிறது.

நான் அங்கே அம்பார சூப்பர்வைசர். பட்டம் வாங்கியவன் அந்த உப்பளத்தில் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. என்னிடம் ஒரு முத்திரைக் கட்டை இருந்தது, கம்பெனியின் அடையாளம் செதுக்கிய வேப்பமரக் கட்டை. ஒவ்வொரு அம்பாரத்தின் அடியிலும் சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்கு ஈரக் களிமண் பூசியிருக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தக் களிமண்ணில் முத்திரையைக் கைக்குக் கை நெருக்கமாக அடித்துக்கொண்டே அம்பாரத்தைச் சுற்றி வர வேண்டும். காலையில் வந்து பார்க்க வேண்டும். யாராவது உப்பை எடுத்திருந்தால் முத்திரை கலைந்திருக்கும். பூட்டு இல்லை, கதவு இல்லை, சேற்றில் பதித்த ஒரு அடையாளம்தான் காவல். எளிமையான ஏற்பாடு. ஆனால் ஒரே ஆள் தன் காலால் முழுச் சுற்றும் நடந்தால்தான் அது ஏற்பாடு.

என் கல்யாணத்துக்கு உன் தாத்தா மதராஸில் தோல் ஷூ ஒரு ஜோடி வாங்கித் தந்திருந்தார். அம்பாரங்களின் பின்பக்கம் கழிமுகத்தைப் பார்த்தது. முழங்கால் வரை சேறு. அங்கே இறங்கினால் ஷூ போய்விடும். இதைத்தான் நான் உனக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூசுகிற அளவுக்குச் சின்ன விஷயம்.

வேணு எனக்குக் கல்லூரிச் சிநேகிதன், பட்டம் வாங்காமல் பாதியில் விட்டவன். லாரி அனுப்புகிற வேலையை நான்தான் சொல்லி அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன். தினமும் காலையில் மீஞ்சூரிலிருந்து எனக்கும் சேர்த்து நாஷ்டா வாங்கி வருவான். ஒரு நாள் ஏழாவது அம்பாரத்தின் மூலையில் நான் தயங்கி நின்றபோது கையை நீட்டினான். "இன்னாத்துக்குடா புது ஜோட்டோட சேத்துல எறங்குற? மாப்ளகணக்கா கீற. கட்டைய இப்டிக் குடு, பின்னால நான் அட்ச்சிகினு வரேன்." கொடுத்தேன். அடுத்த நாளும் கொடுத்தேன். பிறகு அவன் கேட்காமலே கொடுத்தேன். காலையில் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, சுற்றிலும் முத்திரை சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உப்பை வெளியே அனுப்புகிறவன் கையிலேயே உப்பைக் காக்கிற கட்டையையும் கொடுத்தேன் என்பது என் படிப்புக்கு எட்டவில்லை. வேணு ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. அவன் அண்ணன் கல்யாணத்தன்றுகூடத் தாலி கட்டி முடிந்ததும் உப்பளத்துக்கு ஓடி வந்துவிட்டான். என்ன ஈடுபாடு என்று எல்லோரும் மெச்சினோம். நீ எந்த இடத்தில் இருந்தாலும் ஒரு நாள்கூட இடத்தை விட்டு நகராத ஆளைப் பார்த்தால், மெச்சுவதற்கு முன்னால், அவன் இல்லாத நாளில் எது வெளியே தெரிந்துவிடும் என்று யோசித்துப் பார்.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் அம்பாரங்களுக்குக் கீற்று வேய்வார்கள். மழை நின்றதும் ஒவ்வொரு அம்பாரத்திலும் பத்தில் ஒரு பங்கு கரைந்து போனதாக எழுதிவிடுவோம். மழைக்கழிவு என்று பெயர். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். பெருமழையா, தூறலா என்று யாரும் கேட்டதில்லை. கீற்றைப் பிரித்து அளந்து பார்த்தவர் யாருமில்லை. மழை பாவம், எவ்வளவு பழி போட்டாலும் வாங்கிக்கொள்ளும். உன் தொழிற்சாலையிலும் இப்படி ஒரு பங்கு இருக்கும். சேதாரம் என்றோ கழிவு என்றோ எல்லோரும் பழக்கத்தில் விட்டுக்கொடுத்துவிட்ட பங்கு. யாரும் எட்டிப் பார்க்காத அந்த இடத்திலிருந்து உன் வேலையைத் தொடங்கு.

தேவசகாயம் கூலியாட்களுக்கு மேஸ்திரி. அப்பன் பாட்டன் காலத்தில் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்ட குடும்பம். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவர். லாரிச் சீட்டில் குறிப்பதற்காக நான் மூன்று பேருக்குக் காப்பியிங் பென்சில் கொடுத்திருந்தேன். உனக்கு அந்தப் பென்சிலைத் தெரியாது. முனையை நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா நிறத்தில் அழியாமல் விழும். மேஸ்திரிக்கு எந்நேரமும் கீழுதட்டில் ஊதாப் பொட்டு ஒன்று இருக்கும். ஒரு நாள் காலையில் என்னிடம் வந்து நின்றார். "சார், ஏழாவது பக்கம் பின்னால ஒருக்கா வந்து பாருங்க சார். எங்க பொம்பளைங்க மேல ஏற பயப்படுது." என்ன பயம் என்று கேட்டேன். "நடந்தா சத்தம் வேற மாதிரி வருதாம். காலி டின்னு மேல நடக்கற மாதிரி." நான் சிரித்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்றேன். பக்கத்தில் நின்ற வேணு, "மேஸ்திரி, உப்பு பாட்டு பாடுதா? எனக்கும் ஒரு பாட்டு பாடச் சொல்லு" என்றான். மேஸ்திரி சிரிக்கவில்லை. என் ஷூவைப் பார்த்தார். பார்த்ததாக எனக்குத் தோன்றியது. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

பத்து நாள் கழித்து எங்கள் மேனேஜருக்கு மொட்டைக் கடிதம் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். மூன்றே வரி. ஏழாவது அம்பாரத்தைப் பின்பக்கமாகக் குடைந்து தோணியில் உப்பு போகிறது. அக்கரையில் லாரியில் ஏற்றி ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திராவுக்குப் போகிறது. உள்ளே காலி, கீற்றுப் போட ஏறுகிற பெண்கள் விழுந்துவிடுவார்கள். எழுத்தெல்லாம் ஊதா. நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எழுத்தின் சாய்வைப் பார்த்தேன், தாளின் மடிப்பைப் பார்த்தேன். ஏழாவது அம்பாரம் மேனேஜர் அறை ஜன்னலிலிருந்தே தெரியும். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரக் கால் மணி நேரம். நான் மூன்று நாள் உதடுகளைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். மற்ற இரண்டு பேர் உதட்டிலும் ஊதா இல்லை, அவர்கள் பென்சிலைத் தண்ணீரில் தொட்டு எழுதுகிறவர்கள். எப்பேர்ப்பட்ட கண்டுபிடிப்பு! மேனேஜர் என் முதுகில் தட்டினார்.

மேஸ்திரியை வரச் சொன்னார்கள். வேணுவும் அங்கே நின்றான். "நீதானே எழுதின?" என்று மேனேஜர் கேட்டார். தேவசகாயம் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "பென்சிலு நீங்க குடுத்தது சார். வேற பென்சிலுக்கு நான் எங்க போவேன்?" பொய்ப் புகார் எழுதுகிறாயா என்று மேனேஜர் கத்தினார். "பொய்யின்னா என்ன தொரத்துங்க சார். ஆனா அங்க போய்ப் பாத்துட்டுத் தொரத்துங்க. இதோ கீது, கூப்பிடு தூரம்." அதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார் மேனேஜர். "மேஸ்திரிக்குக் கத எயுதற வேல நல்லா வருது சார், சினிமாவுக்கு அனுப்பலாம்" என்றான் வேணு. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தேவசகாயம் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். பாதி தேய்ந்திருந்தது. அவரோடு, அங்கே கூடை சுமந்த அவர் மனைவியையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பொங்கலுக்கு எனக்குக் கடிகாரம் கிடைத்தது.

மேனேஜருக்கு அந்தத் திருட்டில் பங்கு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பங்கே இல்லாவிட்டாலும் அவர் அப்படித்தான் செய்திருப்பார். தன் வீட்டில் ஓட்டை என்று சொன்னால் ஓட்டையைவிடச் சொன்னவன்மேல்தான் முதலில் எரிச்சல் வருகிறது. அது மனித சுபாவம் என்று அவரை விட்டுவிடலாம். என்னை விட முடியாது. நான் ஏன் எழுந்து போய்ப் பார்க்கவில்லை என்பதற்கு ஒரே காரணம்தான். பார்த்தால், பின்பக்கத்து முத்திரையை அடித்தது யார் என்ற கேள்வி வரும். சரியாக இருக்கிறது என்று தினமும் கையெழுத்துப் போட்டது யார் என்ற கேள்வி வரும். எனக்கு அம்பாரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்கே தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்கு ஒரு வேலை தேவைப்பட்டது. உதடுகளைத் தேடுவது அந்த வேலை.

அடுத்த ஐப்பசியில் கீற்று வேய முனியம்மா என்ற பெண் ஏழாவது அம்பாரத்தின்மேல் ஏறினாள். நான் முன்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சத்தமே வரவில்லை. வெள்ளைக் கூரை மெதுவாகத் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல உள்வாங்கியது. அவள் கையில் இருந்த கீற்று மட்டும் மேலே நின்றது. உள்ளே பனங்கம்பும் பழைய கீற்றும் முட்டுக்கொடுத்து ஒரு அறை அளவுக்கு வெற்றிடம். இறுகிப்போன மேலோடுதான் அத்தனை நாளும் அம்பாரமாக நின்றிருக்கிறது. அவளை வெளியே எடுத்தபோது தலைமுடி முழுக்க உப்பு, நூறு வயதுக் கிழவிபோல இருந்தாள். "மேஸ்திரி சொல்லிக்கினே இருந்தாரே, மேஸ்திரி சொல்லிக்கினே இருந்தாரே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பிறகு அவள் நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை. போன வருஷத்து மழை உள்ளே இறங்கி அரித்துவிட்டது என்று வேணு சொன்னான். மேனேஜர் அப்படியே எழுதச் சொன்னார். எழுதியது நான். அதற்கு அடுத்த வருஷம் மேனேஜர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியில் வேணு உட்கார்ந்தான். எனக்கு வர வேண்டிய நாற்காலி என்று இத்தனை வருஷம் இந்த வீட்டில் நான் புலம்பியது உனக்குத் தெரியும். அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் அந்தப் புலம்பலில் முனியம்மாவின் பெயர் ஒரு தடவையாவது வந்ததா என்று யோசித்துப் பார்.

உன் அம்மா யோசித்திருக்கிறாள். உனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊதா உதட்டுக் கதையைச் சொல்லி முடித்தேன். ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, அந்த ஆள் எழுதினது நிஜமா பொய்யான்னு நீங்க சொன்னதே இல்லையே?" நான் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் இன்றைக்கு நீ இளஞ்சிவப்புத் தாளைத் துரத்தியிருக்க மாட்டாய்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் தேவசகாயத்தை மீஞ்சூர் ஸ்டேஷனில் பார்த்தேன். கும்மிடிப்பூண்டியில் புதிதாகத் தொழிற்சாலைக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். சித்தாள் வேலைக்கு வண்டிக்குக் காத்திருந்தார். நரைத்துவிட்டது. உதட்டில் ஊதா இல்லை, பார்த்ததும் நான் அதைத்தான் தேடினேன். அவரே கிட்டே வந்தார். "இன்னா சார், நல்லாக்கீறீங்களா? பையன் படிக்கறானா?" படிக்கிறான் என்றேன். "ஏழாவது உளுந்துச்சாமே. முனியம்மா எப்டிக் கீது?" எனக்குத் தெரியவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோபமே இல்லாமல், வழி கேட்பதுபோலக் கேட்டார்: "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். நான் பேரு போட்டு எழுதியிருந்தா நம்பியிருப்பீங்களா?" அதற்குள் வண்டி வந்துவிட்டது. கூட்டத்தோடு ஏறிக்கொண்டார். நீ இப்போது உட்கார்ந்திருக்கிற கட்டடத்துக்கு அவர் செங்கல் சுமந்திருக்கலாம்.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் தெரியும். பெயர் போட்டிருந்தால் ஐந்தாவது படித்த மேஸ்திரி என்று தள்ளியிருப்பேன். பெயர் போடாததால் யாரென்று தேடினேன். எப்படி எழுதியிருந்தாலும் உப்பைப் பார்த்திருக்க மாட்டேன். சில நாள் நடுப்பகலில் கண் அயரும்போது அந்த அம்பாரத்துக்குள் இருக்கிறேன். உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது. சுற்றிலும் உப்புச் சுவர் பால்போல ஒளி விடுகிறது. தலைக்கு மேலே யாரோ பெண்கள் மெதுவாக நடக்கிறார்கள். ஏறாதீர்கள் என்று கத்தப் பார்க்கிறேன், வாயெல்லாம் உப்பு.

ஆகையால் நான் சொல்கிறபடி செய். சனிக்கிழமை கழிவு லாரி ஏற்றுகிற இடத்துக்கு யாரிடமும் சொல்லாமல் போ. பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போ. பின்பக்கம் போய் நில். பாதி ஏறியதும் நிறுத்தி, கீழே கொட்டச் சொல். பித்தளை இருந்தால் அதைக் கண்ணால் கண்டது நீ, அதை எழுது, உன் பெயரைப் போட்டு எழுது. இல்லையென்றால் இன்னும் இரண்டு லாரிகளைப் பார். அப்போதும் இல்லையென்றால் இல்லையென்று எழுது. லாரியை எடை போடுகிறவனும் வெளியே அனுப்புகிறவனும் ஒரே ஆளா என்று பார். அந்த லாரிக்கு நீ இதுவரை பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாயா என்றும் பார். போட்டிருந்தால் அதை முதல் வரியாக எழுது. வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா. அந்த இளஞ்சிவப்புத் தாளை உன் பெட்டியில் வைத்துப் பூட்டு. லேத் பிரிவு ஆளின் பெயரை மேனேஜர் கேட்டால், விசாரித்தது லாரியை, ஆளை விசாரிக்கவில்லை என்று சொல். அவனுக்கு இரண்டு குழந்தைகள் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

கடிகாரத்தை இன்று காலை சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். அது இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. உன் அம்மா வந்து ஆணியையும் பிடுங்கிவிட்டாள். முனியம்மா இன்னும் அதே குப்பத்தில்தான் இருக்கிறாளா என்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன். பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உறையில் உன் முகவரியை எழுதிவிட்டேன். இங்கே திருவள்ளூர் ஸ்டேஷன் தபால் பெட்டியில் இன்று போட்டால் சனிக்கிழமை காலை உனக்குக் கிடைக்கும். வழக்கம்போலக் கடைசியில் கையெழுத்துப் போடப் பேனாவைத் தூக்கினேன், பிறகு மூடி வைத்துவிட்டேன். இதை எழுதியது யார் என்று முதல் வரியிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கிழவன் எப்படிப்பட்டவன், இவன் சொன்னால் நான் கேட்க வேண்டுமா என்றுதான் முதலில் தோன்றும். தோன்றட்டும், அது நியாயம்தான். அதற்குப் பிறகும் எழுந்து போய் லாரியைப் பார்க்கிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். பெயர் போடாமலே அனுப்புகிறேன்.